சம்பந்திக்கு நான் நடத்திய சாப்பாட்டு வகுப்பு

என் பெண்ணைப் பின்லாந்துக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு மீனும் ஒரு கிண்ணம் சோறும் போதும் என்றும் முடிவு செய்தேன். இரண்டு முடிவையும் குளியலறையில் வைத்து எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கேயும் கதவைத் தட்டுவார்கள்.

"கிழவரே, உள்ள என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

"அதுக்கு எதுக்குத் தண்ணியைத் திறந்து விட்டிருக்கீங்க? மூடிட்டு யோசிங்க."

மூடினேன்.

என் மனைவி பெயர் சூச்சின். குடும்பப் பெயர் மியாவ். எங்கள் சீனாவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. கல்யாணத்தன்று ஆலை நண்பர்கள், "லுவான், வீட்டுக்குள்ள மியாவ் வருது, இனிமே நீ எலி" என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அதில் கேலி எது என்று தெரியவில்லை.

பெண் பெயர் வான்ச்சிங். ஒரே பெண். அந்தக் காலத்தில் இரண்டாவது பெற அரசாங்கம் விடவில்லை. இந்தக் காலத்தில் பெறு பெறு என்கிறது, இடுப்பு விடவில்லை. அதனால் எனக்கு உலகத்தில் இருப்பது ஒரு பெண். அவள் ஜினான் காகித ஆலையில் வேலை பார்த்தாள். அங்கே எந்திரம் பூட்ட ஒருவன் வந்தான். எந்திரத்தைப் பூட்டினான், கூடவே என் பெண்ணையும் பூட்டிக்கொண்டான். பெயர் ஏரோ. பெயரிலேயே பாதி ஏரோப்ளேன் இருக்கிறது. இவன் எங்கே தரையில் நிற்கப்போகிறான்? அவனை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்தது. இவளும் கூடப் போகிறாளாம்.

அந்த ஊர் பின்லாந்தில் இருக்கிறது. முன்னால் இருக்கிற நாடெல்லாம் தீர்ந்துபோன பிறகு, பின்னால் இருக்கிற நாடு. குளிர்காலத்தில் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சூரியன் போய்விடுமாம். நான் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என் கை அவ்வளவு தூரம் விரியவில்லை.

"போகட்டும்ங்க. அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் சூச்சின், வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே. வேகமாக நறுக்கினாள். அன்று எதில் வாய் வைத்தாலும் வெங்காயத்தாள்தான். இவளுக்கு நெஞ்சே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. என் பெரியண்ணன்.

எங்கள் வீட்டில் பெரியண்ணன் தலையசைக்காமல் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க முடியாது. தானியக் கிடங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எடை போடுவார். ஒருமுறை ஒரு கல்யாண விருந்தில் யாரோ தேநீர்ப் பாத்திரத்தை அதன் மூக்கு இவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். அப்படி வைத்தால் வெளியே போ என்று அர்த்தம். எழுந்தார், கோட்டை மாட்டினார், போய்விட்டார். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சு கிடையாது. வான்ச்சிங் சின்ன வயதில் பாதி நாள் அவர் தோளில்தான் இருந்தாள். "பெரியப்பா வேண்டாம்னு சொன்னா வேண்டாம்ப்பா" என்று அவள் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் பத்திரமாக மடித்து வைத்திருந்தேன்.

ஏரோவின் அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க ஜினானுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சம்பந்தமே இல்லாத நாட்டிலிருந்து சம்பந்திகள். தாமிங் ஏரிப் பக்கம் ஒரு உணவகத்தில் தனி அறை பிடித்து மத்தியான விருந்து. பெரியண்ணன் வருகிறார்.

வான்ச்சிங் என்னிடம் வந்தாள். "அப்பா, அவங்களுக்கு நம்ம மேசை முறை எதுவும் தெரியாது. ரொம்பப் பயப்படறாங்க. நானும் ஏரோவும் கல்யாணப் பதிவுக்கு அலையணும். நீங்களே கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன். உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அது உண்மை. பஞ்சாலையின் வரவேற்புப் பிரிவில் கால் நூற்றாண்டு உட்கார்ந்தவன் நான். துணி வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களை வட்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்து, யார் எங்கே, எந்தக் கோப்பை எவ்வளவு உயரம், மீன் தலை யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாலேயே நடத்தியவன். எது சரி என்று எனக்குத் தெரியும். ஆகவே எது தப்பு என்பதும் துல்லியமாகத் தெரியும்.

"நான் பார்த்துக்கறேன்மா" என்றேன். குளியலறைக்குப் போனேன். இந்தத் தடவை தண்ணீரைத் திறக்கவில்லை.

வகுப்பு அவர்கள் தங்கிய ஓட்டலின் கீழ்க்கூடத்தில் நடந்தது. அப்பா பெயர் தௌனோ. காட்டில் மரம் வெட்டும் எந்திரங்களைப் பழுது பார்ப்பவர். உத்தரம் மாதிரி உடம்பு. பேசவே மாட்டார். நீங்கள் கேட்கிற கேள்விக்கும் அவர் சொல்கிற பதிலுக்கும் நடுவே ஒரு சிகரெட் பிடித்து முடிக்கலாம். அம்மா ரைலி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்தவள். நடுவில் என் செல்போன். நான் எங்கள் மொழியில் சொன்னால் அது அவர்கள் மொழியில் சொல்லும். பொய்யா உண்மையா என்று அது கேட்பதில்லை. நல்ல போன்.

"மேசையில துணியை மடிச்சு வெச்சிருப்பாங்க. எந்தத் துணி உசரமா நிக்குதோ அந்த இடத்துல நீங்க உக்காரணும். தூரத்துல இருந்து வந்தவங்க இடம் அது" என்றேன். அது விருந்து கொடுப்பவன் உட்காரும் இடம்.

"கோப்பையை மோதும்போது பெரியவங்க கோப்பையைவிட மேல தூக்கணும்." எங்கள் ஊரில் கீழே தாழ்த்த வேண்டும். தாழ்த்தித் தாழ்த்தி மேசைக்கடியில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"பண்டமெல்லாம் வெச்சு நடுவுல சுத்தற தட்டை நீங்க நினைச்சபோது சுத்தலாம். வேகமா."

"மீன் ஒரு பக்கம் தீர்ந்ததும் அப்படியே கவுத்துப் போடணும்." படகு கவிழ்கிற மாதிரி இருக்கும் என்று எங்கள் மாகாணத்தில் அதை யாரும் கனவில்கூடச் செய்ய மாட்டார்கள்.

கடைசியாகச் சோறு. "சாப்பிடறப்ப கை ஓய்ஞ்சா, சாப்பாட்டுக் குச்சி ரெண்டையும் சோத்துல நேரா நட்டு வைக்கணும்."

ரைலி போனைப் பார்த்து ஏதோ கேட்டாள். போன் என்னிடம் சொன்னது: "ஏன்?"

"மனசு நிறைஞ்சுதுன்னு அர்த்தம்."

அப்படிச் சோற்றில் குச்சி நட்டு நாங்கள் செத்தவர்களுக்குத்தான் படைப்போம். ஊதுவத்தி மாதிரி நிற்கும். ஒரு குழந்தை தெரியாமல் செய்தால்கூடக் கையில் அடி விழும்.

தௌனோ ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையசைத்தார். உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறார். மறுநாள் காலை நான் போனபோது ஓட்டல் சிற்றுண்டி அறையில் இரண்டு பேரும் கிண்ணத்தில் குச்சியை நட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி இருந்த மேசைகள் காலி. என்னைப் பார்த்ததும் தௌனோ நிமிர்ந்து, சரியா என்று கண்ணால் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டைக் காட்டுகிற மாதிரி.

"ரொம்பச் சரி" என்றேன். ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

விருந்து நாள். அறைக் கதவைத் திறந்தார்கள். வட்ட மேசை. கதவைப் பார்த்த இடத்தில் துணி கோபுரமாக நின்றது. தௌனோ அதைக் கண்டார். ஒரு கணம் தயங்கினார். பிறகு தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி நடந்துபோய் அதில் உட்கார்ந்தார்.

நான் பெரியண்ணனைப் பார்த்தேன். இப்போது கோட்டை மாட்டுவார் என்று காத்திருந்தேன்.

பெரியண்ணன் கோட்டைக் கழற்றினார். தௌனோவுக்கு வலப்பக்கம், வழக்கமாகத் தலைமை விருந்தாளி உட்காரும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தார். "எல்லாரும் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். நான் உட்கார வேண்டிய இடத்தில் தௌனோ இருந்ததால் எனக்கு இடம் இல்லை.

"கிழவரே, அங்க ஒண்ணு காலியா இருக்கு பாருங்க" என்றாள் சூச்சின்.

கதவோரம். பரிமாறுகிற பெண் தட்டு கொண்டுவருகிற வழி. வீட்டிலேயே வயதில் சின்னவர்களை உட்காரவைக்கும் இடம். அன்று வந்த ஒவ்வொரு பண்டமும் என் தோளைத் தாண்டித்தான் மேசைக்குப் போயிற்று. என் சட்டைக்கு மட்டும் எல்லாவற்றிலும் ருசி கிடைத்தது.

பைஜியு சாராயம் ஊற்றினார்கள். தௌனோ எழுந்தார். பெரியண்ணனுக்கு நேராகக் கோப்பையைத் தூக்கினார். மேலே. இன்னும் மேலே. அந்த ஆள் உயரத்துக்கு அது விளக்கைத் தொட்டது. பெரியண்ணனும் எழுந்தார். கையை மேலே தூக்கினார். முழங்கால் வலிக்காரர், கால் விரலில் நின்று தூக்கினார். அதைப் பார்த்து என் தங்கை தூக்கினாள். அவள் புருஷன் தூக்கினான். சூச்சின் தூக்கினாள். எல்லோரும் நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். முகத்தில் ஒருவருக்கும் சிரிப்பு இல்லை.

பழக்கதோஷம், என் கோப்பை மட்டும் மார்புக்குக் கீழே இருந்தது.

"சின்னவனே" என்றார் பெரியண்ணன். "கையைத் தூக்கு. விருந்தாளி தூக்கியிருக்கார் இல்ல?"

தூக்கினேன்.

"அண்ணே, அவர் செஞ்சது..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"சாப்பிடு."

சாப்பிடத்தான் முடியவில்லை. ரைலி தட்டைச் சுற்றினாள். நான் சொன்ன வேகத்தில். பன்றிக் குடல் வறுவல் விரைவு ரயில் மாதிரி என்னைத் தாண்டிப் போனது. நான் சின்ன ஸ்டேஷன். என் குச்சியை நீட்டுவதற்குள் இறால் வந்தது, போனது. எல்லோரும் பாய்ந்து பாய்ந்து எடுத்தார்கள். பெரியண்ணன் ஓடுகிற தட்டிலிருந்து ஒரு காளானைப் பிடித்து, "நல்ல முறை. கைக்கும் வேலை" என்றார். இதே மனிதர் போன புத்தாண்டுக்கு, நான் தட்டைக் கொஞ்சம் சீக்கிரம் திருப்பியதற்காக என்னோடு பேசாமல் இருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. எதிரே சூச்சினைப் பார்த்தேன். அவள் மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவள் என்னைப் பார்க்காமல் இருந்தால் எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

மீன் வந்தது. மஞ்சள் ஆற்றுக் கெண்டை, பொரித்து, வாலும் தலையும் தூக்கிக்கொண்டு, மேலே இனிப்பும் புளிப்புமாகச் சாறு. எங்கள் மேசையில் மீனின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேச்சு உண்டு. கண்ணை எடுத்து வைத்தால், உங்களை உயர்வாகப் பார்க்கிறோம். உதட்டை வைத்தால், உதடும் பல்லும் மாதிரி பிரியாமல் இருப்போம். துடுப்பை வைத்தால், சிறகை விரித்துப் பறந்து போ.

எனக்கு இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது. உதடு. அதை எடுத்து என் கையால் வான்ச்சிங் தட்டில் வைத்துவிட்டால் போதும். பெரியண்ணன் பார்ப்பார். அவளும் புரிந்துகொள்வாள். தட்டைத் திருப்பினேன். மீன் தலை என்னை நோக்கி வந்தது. கிட்டத்தட்ட வந்துவிட்டது. ரைலி எனக்குக் கீரை வேண்டும் போல என்று நினைத்து, சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் திருப்பினாள். மீன் வாலைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

சூச்சின் எழுந்தாள். கண்ணை எடுத்துத் தௌனோவின் தட்டில் வைத்தாள். வெள்ளைக்காரர்கள் மீன் கண்ணைக் கண்டால் ஓடுவார்கள் என்பது என் அனுபவம். தௌனோ அதை வாயில் போட்டு நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு போனிடம் ஏதோ சொன்னார். போன் எங்களிடம் சொன்னது: "எங்கள் வீட்டில் மீன் பிடித்தவருக்குத்தான் கண். நான் இதைப் பிடிக்கவில்லை. நன்றி."

பெரியண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சூச்சின் துடுப்பைப் பிடித்தாள். வான்ச்சிங் பக்கம் கொண்டுபோனாள். வழியில் அது குச்சியிலிருந்து நழுவிச் சாற்றில் விழுந்தது. எத்தனை வருஷமாக இவளோடு சாப்பிடுகிறேன், ஒரு வேர்க்கடலை நழுவி நான் பார்த்ததில்லை. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை இடது கையை வலது மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, கொண்டுபோய் மகள் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. ஆறிடும்" என்றாள்.

வான்ச்சிங் குனிந்துகொண்டாள். அவள் அதைச் சாப்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. துடுப்பில் என்ன இருக்கிறது, கறிகூடக் கிடையாது.

அப்புறம் தௌனோ மீனைக் கவிழ்த்தார். என் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பெரியண்ணனின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. விரல் வெளுத்தது. ஒரு நிமிஷம் கழித்து, "சுத்தமாத் திருப்பினார்" என்றார்.

கடைசியில் சோறு. ஆளுக்கு ஒரு கிண்ணம். தௌனோவும் ரைலியும் இரண்டு வாய் சாப்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, சோற்றின் நடுவில் நேராக நட்டார்கள். மனசு நிறைந்தது.

பெரியண்ணன் நட்டார். எங்கள் அம்மா செத்தபோது அவள் படத்துக்கு முன்னால் முதல் கிண்ணத்தை வைத்த அதே கை. என் தங்கை நட்டாள், அவள் புருஷன் நட்டான், ஏரோ எதுவும் புரியாமல் நட்டான். சூச்சின் நட்டாள். வான்ச்சிங் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நட்டாள். மேசையைச் சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக ஊதுவத்தி. ஒரு குடும்பமே செத்துப்போனால்தான் அப்படி இருக்கும்.

என்னால் முடியவில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கிண்ணம் ஞாபகம் வந்தது. அன்று நான்தான் சோறு போட்டேன். அவளுக்குப் பிடிக்குமே என்று அடியில் கொஞ்சம் ஊறுகாய் வைத்தேன்.

தௌனோ என்னைக் கவனித்துவிட்டார். விருந்து கொடுப்பவன் மட்டும் முறை தவறுகிறான், பெரியவர் முன்னால் அவமானப்படப்போகிறான் என்று நினைத்தார் போலிருக்கிறது. எழுந்தார். மேசையைச் சுற்றிக் கதவோரம் வந்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்பதுபோல முதுகால் மறைத்துக்கொண்டு, என் கையிலிருந்து குச்சிகளை மெதுவாக வாங்கி, என் சோற்றில் நட்டார். நேராக நிற்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் சரி செய்தார். என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

என் முன்னால் எனக்கே படையல். கறுப்புச் சட்டம் போட்ட என் படம் ஒன்றுதான் பாக்கி.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "வான்ச்சிங், போயிட்டு வா" என்றார். "இந்தச் சம்பந்தி தனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தைக்கூட விடல. தன் பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெட்டவர், உன்னையும் பார்த்துப்பார். எனக்கு அவர் மேல குறையே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லிக்கொடுத்தவன்கிட்டதான் பேச வேண்டியிருக்கு. அது நாளைக்கு."

கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் வான்ச்சிங் பின்னாலேயே வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போக வேண்டாம்னு நேரா சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா இருந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லியிருந்தா கேட்டுட்டுப் போயிருப்பேன்."

என் சட்டைக் கையில் மீன் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவள் நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"போகாதேம்மா" என்றேன்.

"ம்" என்றாள்.

வீட்டுக்குப் பேருந்தில் போனோம், நானும் சூச்சினும். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"காலையில சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்தாங்க இல்ல, வான்ச்சிங்குக்குத் தலை பின்னறப்ப. பசிக்குமேன்னு சோறு கொடுத்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டு, குச்சியை நட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நம்ம ஓட்டல் வாத்தியார் யாருன்னு புரிஞ்சு போச்சு."

"அவங்ககிட்டயே தப்புன்னு சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரர் உங்களை ஏமாத்திட்டார்னா? அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க. அதான் பெரியவருக்கும் மத்தவங்களுக்கும் போன் பண்ணினேன். அவங்க என்ன பண்றாங்களோ, இன்னிக்கு அதுதான் நம்ம முறைன்னு."

"அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"முதல்ல போனை வெச்சுட்டார். அப்புறம் அவரே கூப்பிட்டார். சோத்துல குச்சி மட்டும் வேண்டாமேன்னார். அதுவும்தான்னேன். சரின்னார்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் மிச்சம் கட்டிக்கொண்டு வந்த பொட்டலம் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்கப்போகிற மாதிரி.

வான்ச்சிங் இலையுதிர் காலத்தில் போனாள். விமான நிலையத்தில் சூச்சின் அழவில்லை. நான் அழுதேன். "மூக்கைத் துடைங்க, பொண்ணு பாக்கறா" என்று கைக்குட்டையைக் கொடுத்தாள். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

வாரா வாரம் பேசுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். மத்தியானமே விளக்குப் போட்டுக்கொண்டு பேசுகிறாள். தௌனோ தன் ஊரில் பெரிய சீன நிபுணர் ஆகிவிட்டாராம். அக்கம்பக்கத்தாரை அழைத்து மீனைக் கவிழ்த்துக் காட்டுகிறாராம். அந்த ஊரில் இருக்கிற ஒரே சீன உணவகத்தில் போய் அவர் சோற்றில் குச்சியை நட்டதும், கடைக்காரர் ஓடிவந்து, யார் இறந்துபோனார்கள் என்று கேட்டுத் துக்கம் விசாரித்தாராம். வான்ச்சிங் சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். போனை வைத்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

எங்கள் புத்தாண்டான வசந்தத் திருவிழா நெருங்கியது. இந்த வருஷம் வர முடியாது, விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் நானும் சூச்சினும் சமையலறையில் உட்கார்ந்து கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு பிசைவது என்று அவளுக்கு இன்னும் கைவரவில்லை. மூன்று பேருக்குப் பிசைந்திருந்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. குளியலறையில் இல்லை, அங்கேயே, அவள் எதிரிலேயே.

"சூச்சின், நான் படுத்துக்கறேன். நீ வான்ச்சிங்குக்குப் போன் போடு. அப்பாவுக்கு நெஞ்சு வலி, பெரிசா ஒண்ணும் இல்ல, ஆனா உன்னைப் பார்க்கணும்ங்கறார்னு சொல்லு. ஓடி வந்துடுவா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையில் இருந்த கொழுக்கட்டையின் ஓரத்தை அழுத்தி மூடினாள். மாவு தூவிய தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அது வேண்டாம்."

"ஏன், பொய் சொல்லக் கூடாதுங்கறியா?"

"போன வாரமே எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிப் பார்த்துட்டேன். சம்பந்தியம்மா போனை வாங்கி, நம்ம பாஷையிலயே, நாம எல்லா நோவுக்கும் சொல்ற மாதிரியே, சுடுதண்ணி குடிச்சுட்டுப் படுங்கன்னு சொல்லிட்டாங்க."